கார்விக் படங்களில் முதல் இடம்

பதினான்கு படங்களையும் பார்த்து முடித்தபோது முதல் இடத்தில் வைக்க ஒன்றும் தேறவில்லை. கடைசி இடத்துக்குத்தான் கடும் போட்டி.

பட்டியல் போடச் சொன்னவர் தேஜஸ். மகர்பட்டா ஐ.டி. பூங்காவில் சாஃப்ட்வேர் வேலை. பெற்றோருடன் என்னைப் பெண் பார்க்க வந்தவர். தனியாகப் பேசச் சொல்லி எங்களை பால்கனிக்கு அனுப்பினார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல், சின்ன வயதில் கார்விக் படங்கள் என்றால் எனக்கு உயிர் என்று சொன்னேன். கார்விக் ஓர் உளவாளி. முப்பது வருடங்களாக நடிகர்கள் மாறி மாறி அவனாக வந்து உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

"அரே, நிஜமாவா?" என்றார் தேஜஸ். "பொண்ணுங்க யாருமே அதைப் பார்க்க மாட்டாங்க."

மறுநாள் ஒரு ஷூ டப்பா நிறைய வீசிடிகளோடு வந்தார். "திரும்பப் பாருங்க. ஒண்ணுலேர்ந்து பதினாலு வரைக்கும் வரிசைப்படுத்துங்க. நானும் எழுதிட்டு வரேன். அடுத்த ஞாயித்துக்கிழமை மாத்திக்கலாம்."

எனக்குப் பிடித்திருந்தது. நான் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் காதலர்கள் கடிதம் மாற்றிக்கொள்வார்கள். நாங்கள் பட்டியல் மாற்றிக்கொள்ளப்போகிறோம். ஞாயிறு முடியட்டும், சொல்கிறேன் என்றேன் அம்மாவிடம். அம்மா அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு மண்டபம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க படங்களைப் பார்த்தேன். மூன்றாவது படத்தில் ஒரு வெள்ளைக்காரர் முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு மகாராஜாவாக வருகிறார். காதுக்குப் பின்னால் சாயம் எட்டவில்லை. ஐந்தாவதில் ஒருத்தி கார்விக்கைக் காப்பாற்றக் குறுக்கே விழுந்து குண்டடிபட்டுச் சாகிறாள். அவளை சோபாவில் கிடத்திவிட்டு டையைச் சரிசெய்துகொண்டு ஒரு ஜோக் அடிக்கிறான். கடிகாரம் பார்த்தேன். நான்கு விநாடி துக்கம். படம் முடிவதற்குள் மடியில் வேறொருத்தி. இதற்கா கைதட்டினேன்?

சின்ன வயதில் நாங்கள் லோஹேகா விமானத்தளத்தில் இருந்தோம். அப்பா விமானப்படையில் சார்ஜண்ட். குடியிருப்பில் சனிக்கிழமைதோறும் திறந்தவெளியில் திரை கட்டிப் படம் போடுவார்கள். அதிகாரிகளுக்கு முன்னால் சோபா. எங்களுக்கு வீட்டிலிருந்து கொண்டுபோன பாய். அப்பா புரொஜக்டர் பக்கத்தில் நிற்பார். குடும்பங்கள் பார்க்கிற படம் என்பதால், முத்தக் காட்சி வந்தால் லென்ஸுக்கு முன்னால் ஓர் அட்டையைப் பிடித்து, சத்தத்தையும் குறைத்துவிடுவது அவர் வேலை. திரை கறுக்கும். பின்வரிசையில் விசில் பறக்கும். அட்டை விலகியதும் படம் தொடரும்.

எட்டாவது படம் எனக்கு மிகவும் பிடித்தது. புயலில் படகு கவிழ்ந்து கார்விக் ஒரு கலங்கரை விளக்கத்தில் ஒதுங்குகிறான். அங்கே காவலரின் மகள் தனியாக இருக்கிறாள். அவனுக்குக் கம்பளி கொடுக்கிறாள். அவன் எழுந்து கதவுப் பக்கம் நடக்கிறான். திரை கறுக்கும். வெளிச்சம் வரும்போது இருவரும் படகில். அவள் அவன் தோளில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருப்பாள்.

அந்தக் கறுப்பை நான்தான் நிரப்பினேன். பன்னிரண்டு வருடங்களாக. அவன் அவள் பெயரைக் கேட்டான். தன் அம்மாவைப் பற்றிச் சொன்னான். இருவரும் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினார்கள். படித்த ஒவ்வொரு நாவலிலிருந்தும் ஏதாவது ஒன்றைக் கொண்டுபோய் அந்த அறையில் வைத்திருந்தேன்.

வீசிடியில் கறுப்பு இல்லை. அவன் கதவைத் தாழிடுகிறான். அவள் வேண்டாம் என்கிறாள். அவன் சிரித்தபடி அவள் கையைப் பின்னால் முறுக்குகிறான். அவள் திரும்பவும் சொல்கிறாள், திரும்பவும் சொல்கிறாள், பிறகு வயலின் ஆரம்பிக்கிறது. வயலின் வந்ததும் அவள் கைகள் தளர்கின்றன. அடுத்தது படகு.

எழுந்து போய் வாஷ்பேசினில் முகம் கழுவினேன். கழுவக் கழுவ அந்த அறையில் நான் வைத்த சாமான்களெல்லாம் ஞாபகம் வந்தன. அந்தப் படத்தைவிட என்மேல்தான் அருவருப்பாக இருந்தது.

அப்பா கூடத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அட்டை பிடிக்கறப்ப நீங்க படத்தைப் பார்ப்பீங்களா?"

"பார்க்காம எப்ப எடுக்கறதுன்னு எப்படித் தெரியும்?"

"அந்தக் கலங்கரை விளக்கம் படம்?"

"அதுல நீளமா ஒரு கிஸ்ஸு. கை வலிச்சுப் போச்சு."

"அது கிஸ் இல்லப்பா."

அவர் உரிப்பதை நிறுத்தினார். "லேடீஸ், குழந்தைங்க உட்கார்ந்திருந்தாங்க. மறைக்கச் சொன்னாங்க, மறைச்சேன். உள்ள என்னன்னு யாரு பிரிச்சுப் பார்த்தா? எல்லாம் ஒண்ணுதான் அப்ப" என்றார். பிறகு டிவி பக்கம் பார்க்காமலே எழுந்து போனார்.

ஞாயிறு மாலை கேம்ப் கடைவீதியில் ஓர் இரானி ஓட்டலில் தேஜஸைச் சந்தித்தேன். அவர் பட்டியலைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொண்டுவந்திருந்தார். முதல் இடத்தில் கலங்கரை விளக்கம். பக்கத்தில் ஒரு குறிப்பு: 'அந்த அறைக் காட்சிக்காகவே.'

"உங்க லிஸ்ட் எங்கே?"

"போடலை. அந்த அறைக் காட்சியில என்ன பிடிச்சது?"

"அவன் ஸ்டைல்தான். அப்படி ஒரு கான்ஃபிடன்ஸ்."

"அவ வேண்டாம்னு சொல்றாளே. மூணு தடவை."

"எண்ணினீங்களா?" சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "அது அந்தக் காலத்துப் படம். அடுத்த சீன்ல அவளே சிரிக்கிறாளே."

"சிரிக்கற மாதிரி எழுதியிருக்காங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். வெண்ணெய் தடவிய பன் மஸ்காவை என் பக்கம் நகர்த்தினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பெருந்தன்மையாகச் சொன்னார்: "சரி, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்காக அதை ரெண்டாவது இடத்துக்கு இறக்கிடறேன்."

டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

"வேண்டாம்" என்றேன் வீட்டில். காரணத்தையும் சொன்னேன்.

"சினிமா பிடிக்கலைன்னு ஒரு வரனை வேண்டாம்பாளா ஒருத்தி? கேட்டா சிரிப்பாங்கடி" என்றாள் அம்மா. அப்பாவைப் பார்த்தாள். அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். கடைசியில் அம்மாவே போன் செய்து, "ஜாதகத்துல கொஞ்சம் இடிக்கறதுன்னு ஜோசியர் இப்பத்தான் சொன்னார்" என்று ஆரம்பித்தாள். மறுமுனையில் தேஜஸின் அம்மா ஆனந்தவல்லி என்ன சொன்னாரோ, அம்மா திணறினாள். இரண்டு ஜாதகங்களையும் பார்த்தது ஒரே ஜோசியர். பத்துப் பொருத்தத்தில் ஒன்பது என்று இரண்டு வீட்டுக்கும் அவரே எழுதிக் கொடுத்திருந்தார்.

ரிசீவரை வாங்கினேன். "மாமி, ஜாதகத்துல ஒண்ணுமில்ல. எனக்குத்தான் வேண்டாம்."

"ஏம்மா? என் பிள்ளை ஏதாவது தப்பாப் பேசினானா?"

சொன்னேன். புயலிலிருந்து ஆரம்பித்தேன். கம்பளி, தாழ்ப்பாள், முறுக்கிய கை, மூன்று வேண்டாம். தமிழில் இதையெல்லாம் சொல்ல எனக்கு வார்த்தை தடுமாறியது. ஆனாலும் எதையும் விடவில்லை. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அப்பா போகவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து கேட்டார்.

ஆனந்தவல்லி மாமி முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"அந்தப் படமா அவனுக்கு முதல் இடம்?" என்று கேட்டார்.

"ஆமா மாமி. இப்ப ரெண்டாவது."

"அவன் உள்ளதான் இருக்கான்" என்றார் மெதுவாக. "நான் கேட்டுக்கறேன்." போனை வைத்துவிட்டார்.