ஒரு நாளுக்குப் பத்து நாள்

1950-ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், இரணியல் ராஜையனின் மனைவி ஜெபகுமாரி தன்னைப் பெற்ற தாயைவிட மூத்தவளானாள். தாய் பூங்கனிக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. ஜெபகுமாரிக்குச் சபைப் பதிவேட்டின்படி இருபத்தைந்து, முகத்தின்படி நாற்பத்தைந்து. அந்த மாதம் தேங்காய் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது; மழை வழக்கம்போலப் பெய்தது. நெய்யூரிலிருந்து வந்த பூங்கனி மகளை வெயிலில் நிறுத்திப் பார்த்தாள். பிறகு கருப்பட்டிக் காப்பியை வாங்கிக் குடித்துவிட்டு மருமகனிடம் சொன்னாள்: "எனக்கு அக்கா இல்லாத கொறைய நீரு தீத்துட்டீரு, மருமவனே."

 ராஜையன் இலங்கையில் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் கணக்கராக இருந்தவன். இலை உருட்டும் இயந்திரம் அவன் வலது கையின் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் கொண்டுபோயிருந்தது. 1947-இல் வெள்ளைக்காரத் துரைமார் மூட்டை கட்டியபோது, அவர்கள் விற்றுவிட்டுப் போன கைக்கடிகாரங்களில் மூன்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினான். அந்த வருஷமே இருபத்தெட்டு வயதில், இருபத்திரண்டு வயது ஜெபகுமாரியைக் கல்யாணம் செய்தான். அதன்பின் கொழும்பிலும் திருவனந்தபுரத்திலும் இருந்த சிநேகிதர்கள் வழியாக ஆறு வந்தன. ஒன்றுக்கு முள்ளே கிடையாது. இரண்டு சின்ன ஜன்னல்களில் மணியும் நிமிஷமும் எண்களாக எட்டிப் பார்க்கும். இன்னொன்றில் நீலப் பீங்கான் வானத்தில் நிலா வளர்ந்து தேயும். ஒன்றின் விளிம்பை அழுத்தினால், வெள்ளிக் கொலுசு நடப்பதுபோல மணியடித்து நேரம் சொல்லும். குதிரைப் பந்தாட்டக்காரர்களுக்கென்று செய்த ஒன்றை அதன் கூட்டுக்குள்ளேயே குப்புறத் திருப்பி வைக்கலாம். பெண்களுக்கான ஒன்றின் முகம் புளியங்கொட்டை அளவுதான். திருவிதாங்கூர் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒன்பது ஒரே பெட்டியில் கிடைக்காது என்று ராஜையன் சொல்வான். அது உண்மையும்கூட.

விரல் இல்லாதவனால் அந்தச் சின்னத் திருகுகளைத் திருக முடியவில்லை. தினமும் காலை ஜெபம் முடிந்ததும் ஜெபகுமாரிதான் ஒன்பதுக்கும் சாவி கொடுத்தாள். அவன் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றுகளை எண்ணுவான். எந்தக் கடிகாரம் எந்தத் துரையின் மணிக்கட்டில் இருந்தது, உள்ளே எத்தனை மாணிக்கக் கல் என்று தாழ்ந்த குரலில் சொல்லுவான். அந்த ஒரு நாழிகைதான் அவள் கல்யாண வாழ்க்கையில் இனிப்பான நாழிகை. அவள் விரல்களையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான்; ஆனால் கண் திருகின் நுனியில் இருந்ததால் விரலில் விழுந்த சுருக்கம் அவனுக்குத் தெரியவில்லை.

விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். நகத்தைத் தினமும் வெட்ட வேண்டியிருந்தது. காய்ச்சலில் ஒன்பது நாள் தாய் வீட்டில் கிடந்தபோது நகம் வளரவே இல்லை என்று சொல்லும்படி மெல்ல வளர்ந்தது. இங்கே கடிகாரங்கள் எல்லாம் நின்று கிடந்தன. சாவி கொடுக்கிறவரின் ஆயுளில் ஒரு நாளை எடுத்துத்தான் ஒவ்வொரு கடிகாரமும் ஒரு நாள் ஓடுகிறது என்று அவள் புரிந்துகொண்டாள். ஒன்பதும் ஓடும் நாளில் தன் சொந்த நாளோடு சேர்த்துப் பத்து நாள் கழிகிறது. அவள் அதைக் கணவனிடம் சொன்னாள். அவன் உடனே நம்பினான். நம்பாமல் இருந்திருந்தால் அவளுக்கு மனசு ஆறியிருக்கும்.

"ஒரு பிள்ள பெறுகது வரைக்கும் நிறுத்தி வைப்போம்," என்றாள். "எனக்க நாளு ஓடிப் போவுது."

"நின்னு போச்சுன்னா உள்ள எண்ணெ ஒறஞ்சிரும் பிள்ளே. ஒரு கொல்லம் களியட்டு."

அவனுக்கு ஒரு கொல்லம், ஒரு வருஷம், என்பது அவளுக்குப் பத்து வருஷம். மறுக்கலாம்தான். மறுத்தால் அந்தக் காலை நாழிகையும் போய்விடும். மறுநாள் காலையும் அவள் பாயில் வந்து உட்கார்ந்தாள். 1951-இல் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவளைச் சோதித்துவிட்டு, பிள்ளை பெறும் வயது கடந்துவிட்டது என்று கனிவாகச் சொன்னாள். ஊரில் அவளை அக்கா என்றவர்கள் பெரியம்மை என்று கூப்பிட்டார்கள். சபைக் கோயிலில் சுவரோரம் சாய்ந்துகொள்ள அவளுக்கு இடம் விட்டார்கள்.

1952 அறுப்பின் பண்டிகைக்கு ஜெபகுமாரி ஓர் ஓலைக் கடவப்பெட்டி நிறையக் காணிக்கை கொண்டுபோனாள். ஒரு சேனைக்கிழங்கு, ஒரு மட்டி வாழைக்குலை, அவற்றுக்கு அடியில் ஒன்பது கடிகாரங்கள். பீடத்தின் முன் வைத்தது கர்த்தருடையது. கொடுத்தவர் திரும்ப எடுக்க முடியாது, ஏலத்தில்தான் கேட்க வேண்டும். தாய் படைத்த காணிக்கையை என்ன விலையானாலும் மகன் ஏலத்தில் மீட்பது அந்தச் சபையில் பெரிய மரியாதை. ஏலம் விட்ட ஏசுஅடிமை நிலாக் கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்து, "மணி பாத்து ஒரு வேலையும் செய்யாத ஊருக்கு ஒம்பது வாட்சு. கோழியவிடக் கொறச்சுக் கேக்காதீங்க மக்கா," என்றார். சிரிப்பு அடங்கும் முன்பே ராஜையன் எழுந்து கேட்டான். ஒன்பதையும் அவனே கேட்டான்; அதற்காகத் தென்னந்தோப்பு போயிற்று. வாழைக்குலை எடுக்க மார்த்தாண்டத்திலிருந்து வந்திருந்த வியாபாரி ஒருவர் அவன் தோளைத் தட்டினார். "அம்மைக்க காணிக்கைய இப்பிடி மீட்ட மவன நான் கண்டதில்ல. நல்லா இருப்பீரு."

சபையார் யாரும் அவரைத் திருத்தவில்லை. ராஜையன் திரும்பி, அந்த அம்மையைப் பார்த்தான். சுவரில் சாய்ந்து, அறுபத்து நான்கு வயதுக் கிழவி ஒருத்தி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவள் வழக்கம்போலக் கை நீட்டினாள். அவன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, முதல் கடிகாரத்தின் திருகைப் பல்லால் கடித்து, இடது கை விரல்களால் கூட்டைத் திருப்பினான். ஒன்பதை முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று.

"எல்லாத்தையும் கொளத்துல போட்டுட்டு வாருங்க," என்றாள் அவள்.

"போட்டா நீ முன்னே போவ. நான் இஞ்ச கெடந்து என்ன செய்ய? ஒனக்க வயசுக்கு நான் வந்து சேரணும்."

வந்து சேர மூன்றரை வருஷம் பிடித்தது. 1954-இல் அவன் தலை வெளுத்தது. 1955-இல் முன்பற்கள் விழுந்தன, அதன்பின் ஈறால் கடித்துத் திருகினான். அவள் சுற்றுகளை எண்ணினாள். 1956 பங்குனியில் இருவருக்கும் ஒரே வயதாயிற்று. வயலில் கதிர் முற்றியதைச் சொல்வதுபோல ஊர் அதைச் சொன்னது. சமமாயிற்று, இனிப் போதும் என்று அவள் பெட்டியைப் பூட்டினாள்.

ஆனால் கல்யாணத்தில் அவன் அவளுக்கு ஆறு வயது மூத்தவன். கெட்டினவன் மூப்பில்லாமல் கோயிலுக்கு எப்படிச் சேர்ந்து போவது என்று கேட்டான். பூங்கனியும் அவன் பக்கம் நின்றாள். ஏசுஅடிமையும் நின்றார். புருஷன் ஆறு வயதாவது கூடியிருப்பதுதான் முறை என்று சபையே சொன்னது. ஜெபகுமாரி மட்டும் அழுதாள், சண்டை போட்டாள், பெட்டிச் சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்தாள். அவன் தேடி எடுத்தான். ராஜையனின் அப்பாவும் அவருடைய அப்பாவும் எழுபத்து நான்கு வயதில் போனவர்கள் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

நவம்பரில், ஜில்லா திருவிதாங்கூரை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த வாரத்தில், ஆறு வயது மூப்பு நிறைந்தது; அவனுக்கு எழுபத்து நான்கு ஆயிற்று. அன்று ராஜையன் முகம் மழித்து, வெள்ளை வேட்டி உடுத்து, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போய் வந்தான். வழியில் எல்லோரும் ஒதுங்கி நின்று மரியாதை செய்தார்கள். வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. முப்பத்தேழு வயது என்று பதிவேட்டில் எழுதினார்கள். பாட்டும் ஜெபமுமாக அடக்கம் நடந்தது. அதற்குள் ஒன்பது கடிகாரங்களும் ஒவ்வொன்றாக நின்றிருந்தன. அவற்றை யாரும் கேட்கவில்லை.

பூங்கனி நெய்யூர் வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு வந்து தங்கினாள். ஐம்பது வயதுத் தாய், அறுபத்தெட்டு வயது மகளுக்கு வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டி, தலை துவட்டி, கஞ்சி கொடுத்தாள். அக்கம்பக்கத்தார் வந்து இருவரிடமும் பேசிவிட்டுப் போனார்கள். அந்த வீட்டில் இனி யாருடைய நாளையும் எடுத்துக்கொள்ள எந்தக் கடிகாரமும் ஓடவில்லை. அந்த மார்கழி முடிய அவளுக்கு ஒரு முழு மாதம் ஆயிற்று.