கோச் வீட்டம்மாவின் லைசென்ஸ்

விசில் போவாரா மாட்டாரா என்பதுதான் அந்த மாதம் ஊரில் எல்லாருக்கும் வேலை.

விசில் என்பது அந்த ஊர்க் கால்பந்து கிளப்பின் கோச்சுக்கு ரசிகர்கள் வைத்த பெயர். இரண்டு விரலை வாயில் வைத்து அவர் ஒரு சத்தம் கொடுத்தால் அந்தக் கோடியில் நிற்கிற கோல்கீப்பர்கூடத் திரும்பிப் பார்ப்பான். கடைசி இடத்தில் மண்ணைக் கவ்விக் கிடந்த அணியைத் தூக்கி நிறுத்தி, கோப்பையையும் வாங்கிக் கொடுத்த மனிதர். இப்போது தேசிய அணியின் கோச் ராஜினாமா செய்துவிட்டார். அடுத்தவர் விசில்தான் என்று பேப்பரில் எழுதிவிட்டார்கள். அவ்வளவுதான், ஊருக்கே தூக்கம் போயிற்று.

டிரைவிங் ஸ்கூல் அக்காவுக்கு மட்டும் போகவில்லை. ஊரில் பாதிப் பேர் அவளிடம் கியர் மாற்றக் கற்றவர்கள், அதனால் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் அக்கா. சந்தேகம் என்கிற சமாச்சாரம் அவளுக்குப் பழக்கமே இல்லை. சுவரை நோக்கிப் போகிற காரில் உட்கார்ந்துகொண்டு, 'ஒண்ணும் ஆகாது, மெதுவா பிரேக்கை மிதி' என்று சொல்லிச் சொல்லி, உலகத்தில் எதற்கும் ஒன்றும் ஆகாது என்று முடிவுகட்டியவள்.

அவள் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மைதானத்தில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. நடுவர் எதையாவது பார்க்காமல் விட்டால் எழுந்து நின்று, "ஐயா, நம்ம கடைக்கு வாங்க, சும்மாவே செஞ்சு தர்றேன்" என்று கத்துகிறவர் அவர்தான். சாயங்காலங்களில் ரசிகர்கள் கூடுவதும் அந்தக் கடையில்தான். சுவரெல்லாம் முகம் பார்க்கிற கண்ணாடி என்பதால், நாலு பேர் சண்டை போட்டால் நாற்பது பேர் போடுவதுபோல இருக்கும்.

"போயிடுவார் மாமா. நூத்துக்கு எழுபது சதவீதம்" என்றான் அக்காவின் தம்பி. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. எதைக் கேட்டாலும் சதவீதத்தில் பதில் சொல்வதால் அவனுக்குப் பெயர் புள்ளிவிவரம்.

"எதை வெச்சுடா சொல்றே?"

"அவர் வீட்டு முன்னாடி புல் முழங்கால் உயரம் நிக்குது. இருக்கப்போற மனுஷன் வெட்டாம விடுவாரா?"

"போடா. போன வாரம் நம்ம கடையில ரெண்டு கண்ணாடி செஞ்சுக்கிட்டார். ஒண்ணு படிக்க, ஒண்ணு தூரப் பார்வைக்கு. போறவர் எதுக்கு இங்க வந்து செய்யணும்?"

"தூரப் பார்வைக்குச் செஞ்சதே தூரமாப் போறதுக்குத்தான்!"

இந்த ரகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது ஆராய்ச்சி. ஒரு மனிதனின் குப்பைத்தொட்டியைக்கூட விட்டுவைக்கவில்லை. அக்கா கல்லாப் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லாரும் மூச்சு வாங்கட்டும் என்று காத்திருந்தாள்.

"முடிஞ்சுதா? இப்ப நான் சொல்றேன், கேளுங்க. விசில் எங்கயும் போகமாட்டார். அவர் வீட்டம்மா என்கிட்ட கார் ஓட்டக் கத்துக்கறாங்க. ஊரை விட்டுப் போறவங்க இந்த ஊர் ரோட்டுல எதுக்குக் கத்துக்கணும்? எந்தச் சந்துல திரும்பணும், எங்க நிறுத்தணும்னு கேட்டுக் கேட்டுப் பழகறாங்க. குடியிருக்கப் போறவங்க கேக்கற கேள்வி அது."

கடையே கொண்டாட்டமாயிற்று. வீட்டுக்காரர் அவளை அப்படியே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாத குறை. புள்ளிவிவரம்கூட எழுபதிலிருந்து பத்துக்கு இறங்கி வந்தான். அன்றைக்கு எல்லாருக்கும் டீ, கண்ணாடிக் கடைக் கணக்கில்.

மறுநாள் காலை கோச் வீட்டம்மா ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்ததும் அக்கா நைசாக ஆரம்பித்தாள். "என்னம்மா, கோச் வீட்டுலதான் இருக்காரா? பேப்பர்ல என்னென்னவோ போடறாங்க."

அந்தம்மா வண்டியை அழகாக நகர்த்தி, கண்ணாடியில் பார்த்து, ரோட்டில் ஏற்றினாள். அழகாகத்தான் ஓட்டினாள். வந்த புதிதில் ஹாரன் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டவள். இப்போது டெஸ்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

"உங்ககிட்ட சொன்னா என்ன டீச்சர். கூப்பிட்டிருக்காங்க. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். அந்த வேலைன்னா பாதி நாள் ஊர் ஊராப் போகணும். பிள்ளைங்க பள்ளிக்கூடம் இங்க, அதனால நாங்க இங்கதான் இருப்போம். மேட்டுல வீடு, பஸ் வராது. ராத்திரி புள்ளைக்குக் காய்ச்சல்னா நீ என்ன பண்ணுவே, உனக்கு வண்டி ஓட்டத் தெரியாதே, நான் எப்படிப் போறதுன்னார். அதான், நான் லைசென்ஸ் வாங்கிட்டா நீங்க போவீங்களான்னு கேட்டுட்டு உங்ககிட்ட வந்தேன்."

அக்கா ஊர் முழுக்கத் தமுக்கடித்துச் சொன்ன ஆதாரம் தலைகீழாக நின்றது.

சாயங்காலம் கடையில் விஷயத்தைக் கொட்டினாள். சுவர்க் கண்ணாடிகளில் அத்தனை முகமும் தொங்கிப்போயிருந்தது. புள்ளிவிவரம்தான் மெல்லக் கேட்டான்.

"அக்கா, அந்தம்மாவுக்கு லைசென்ஸ் கிடைக்கலன்னா?"

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னங்கடா பாக்கறீங்க? என் பொழைப்பே அதுதான். நல்லா ஓட்டறவங்களை ஓட்டத் தெரியலைன்னு சொல்றதா? வெக்கமா இல்ல?"

"ஃபெயில் பண்ணச் சொல்லலியே" என்றார் வீட்டுக்காரர். குரல் இறங்கியிருந்தது. "மாசக் கடைசி வரைக்கும் கொஞ்சம் தள்ளிப்போடு. அவ்வளவுதான். கல்யாணமான நாள்லேர்ந்து உன்கிட்ட நான் எதுவும் கேட்டதில்லை."

அது முழுப்பொய். தண்ணீர் முதற்கொண்டு அவர் கேட்டுத்தான் குடிப்பார். ஆனாலும் அவர் கண் கலங்கியிருந்தது. கிளப் தோற்றுத் தோற்றுச் சிரிப்பாய்ச் சிரித்த காலத்திலும் ஒரு மேட்ச் விடாமல் போய் உட்கார்ந்த மனிதர். அக்கா அவர்களைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டுத்தான் எழுந்தாள். ஆனால் மறுநாள் காரில், கோச் வீட்டம்மா ஆசையாக, "எப்ப டெஸ்டுக்குப் போலாம் டீச்சர்?" என்று கேட்டபோது, அவள் நாக்கு அவளைக் கேட்காமலே புரண்டது.

"அவசரப்படாதீங்கம்மா. ரிவர்ஸ் இன்னும் சரியா வரல. கொஞ்ச நாள் போகட்டும்."

ரிவர்ஸ் தண்ணீர் பட்டபாடாக வந்துகொண்டிருந்தது. அந்தம்மா "அப்படியா" என்றாள், அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த நாள் அந்தம்மா திரும்ப வேண்டிய இடத்தில் தயங்கினாள். அதற்கும் அடுத்த நாள் கியரைத் தேடினாள். அக்கா தன் பக்கத்து பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே வர வேண்டியதாயிற்று. ஒரு வார்த்தையில் இவ்வளவு கெட்டுப்போகுமா என்று அவளுக்கே ஆச்சரியம். கெட்டுத்தான் போயிற்று. தான் பார்த்துப் பார்த்துக் கட்டியதைத் தானே செங்கல் செங்கலாகப் பிடுங்குகிறோம் என்று தெரிந்தது. வீட்டுக்குப் போனால் சாப்பாடு பிடிக்கவில்லை.

பெரிய சிக்னலில்தான் அது நடந்தது. பச்சை விழுந்தது. அந்தம்மா கிளட்சை விட, வண்டி இருமிவிட்டு நின்றது. மறுபடி கிளப்பினாள், மறுபடி நின்றது. பின்னால் இருந்தவன் ஹாரனில் கை வைத்தவன் எடுக்கவே இல்லை. அந்தம்மா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள்.

"எனக்கு வராது டீச்சர். எங்க வீட்டுல அப்பவே சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் வரும்னு சொன்னீங்க. இப்ப நீங்களும்..."

அக்கா ஒரு கையை வெளியே நீட்டி, ஹாரன்காரனைப் பார்த்து ஒரு முறை முறைத்தாள். சத்தம் நின்றது.

"நிமிர்ந்து உக்காருங்கம்மா. நான் சொன்னது பொய். நீங்க எப்பவோ ரெடி. கோச் போயிடக்கூடாதுன்னு எங்காளுங்க கெஞ்சினாங்க, எனக்கும் ஆசை, அதனால தள்ளிப்போட்டேன். தப்பு உங்க கால்ல இல்ல, என் வாயில."

அந்தம்மா அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையை அக்கா இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சாவியைத் திருகினாள், எடுத்தாள். சிக்னலைத் தாண்டி, கடைத்தெருவுக்குள் புகுந்து, சைக்கிளும் தள்ளுவண்டியும் நசநசவென்று கிடந்த சந்து வழியாக ஒரு கீறல் படாமல் வெளியே வந்து, மைதானத்துச் சுவரோரம் இரண்டு லாரிக்கு நடுவில் பின்பக்கமாகவே கொண்டுபோய்ச் செருகினாள். அக்கா காலைத் தூக்கிச் சீட்டில் மடக்கி வைத்துக்கொண்டாள். பிரேக்குக்கு வேலையே இல்லை.

"நாளைக்கு டெஸ்ட்" என்றாள் அந்தம்மா, இன்னும் முகம் கொடுக்காமல்.

"நாளைக்கே" என்றாள் அக்கா.

பாஸ். அதைச் சொல்லவே வேண்டாம். கடையில் சொன்னபோது யாரும் கை தட்டவில்லை. வீட்டுக்காரர் பேச்சை நிறுத்திவிட்டார். தட்டை வைத்தால் சாப்பிட்டார், கடைக்குப் போனார், வந்தார். "என்னங்க, உப்பு போதுமா?" என்று அவளே வலியக் கேட்டாலும் சுவரிடம்தான் தலையாட்டினார். அக்கா அவரைக் கெஞ்சவில்லை. பொய் சொன்னதற்கு வருந்தினாளே தவிர, உண்மை சொன்னதற்கு வருந்துகிற ஜாதி இல்லை அவள்.

சீசனின் கடைசி மேட்ச் அந்த வாரக் கடைசியில் வந்தது. வெயில் அடிக்கிற மத்தியானத்தில் தொடங்கி, கிளப் மூன்று கோல் போட, மழையில் முடிந்தது. மைதானம் முழுக்க ஒரே குரல்: போகாதே, போகாதே. விசில் கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

அக்காவும் வீட்டுக்காரரும் தம்பியும் நனைந்துகொண்டே பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். ஒரு கார் வந்து, தண்ணீரை வாரியடிக்காமல், ஓரமாக நின்றது. ஓட்டியது கோச் வீட்டம்மா. பக்கத்தில் விசில்.

"ஏறுங்க டீச்சர். எல்லாரும்தான்."

மூன்று பேரும் பின்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நாலைந்து நாளாகப் பேசாத புருஷனும் பெண்டாட்டியும் இடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. புள்ளிவிவரத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முன்னால் இருந்தது அவனுடைய தெய்வத்தின் பின்னந்தலை.

வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "சார், அப்ப முடிவு...?"

"நாளைக்குச் சொல்லணும்" என்றார் விசில். வைப்பர் இரண்டு தரம் போய் வந்தது. "உண்மையைச் சொல்லட்டுமா? இவளுக்கு லைசென்ஸ் கிடைக்காதுன்னு நெனச்சேன். கிடைக்கலன்னா, குடும்பத்துக்காகத்தான் போகலன்னு சொல்லிட்டு நிம்மதியா இருந்திருக்கலாம். இப்ப சாக்கு இல்ல. எனக்குப் பயமா இருக்கு. இங்க தோத்தா நீங்க திட்டுவீங்க. உங்க குரல் எனக்குத் தெரியும், கண்ணாடி செஞ்சு தர்றேன்னு கத்துவீங்களே. அங்க தோத்தா நாடே திட்டும்." அவர் திரும்பி மூன்று பேரையும் பார்த்தார். "நீங்க போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இருந்துடறேன்."

புள்ளிவிவரம் வாயைத் திறந்தான். அக்கா அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

சொல்லிவிட்டால் போதும். அடுத்த சீசனும் விசில் இங்கே. பக்கத்தில் இருக்கிற மனிதர் இன்றைக்கு ராத்திரியே பேசிவிடுவார். அக்காவுக்கும் ஆசை இல்லாமல் இல்லை, நெஞ்சு முட்ட இருந்தது. ஆனால் அவள் முன்னால், மழைக்குள் நேராகப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவளின் கழுத்தைப் பார்த்தாள். சிக்னலில் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து கிடந்த கழுத்து அது.

"சார், ரெடியா இருக்கறவங்ககிட்ட நீ ரெடியா இல்லன்னு ஒரு தடவை சொல்லிட்டேன். பட்டது போதும், இன்னொரு தடவை சொல்லமாட்டேன். பயம் இருக்கட்டும், அதுபாட்டுக்குப் பின்சீட்டுல உக்காந்து வரட்டும். நீங்க ரெடி. போங்க."

கோச் வீட்டம்மா முதல் தடவையாகக் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

விசில் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு நிமிர்வது பின்னால் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. புள்ளிவிவரம் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். வண்டி பாலத்தில் ஏறி இறங்கியது, தெருவுக்குள் திரும்பியது, கண்ணாடிக் கடை வாசலில் வந்து நின்றது. வீட்டுக்காரர் இறங்கவில்லை. நனைந்த கிளப் துண்டை மடியில் போட்டுப் பிழிந்துகொண்டே இருந்தார். அப்புறம் கேட்டார்.

"நாட்டுக்கு உங்க முதல் மேட்ச் என்னிக்கு சார்? எங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட் வேணும்."