முட்டுக்காடு வரை யாரும் கேட்கவில்லை

1.

செங்கல்பட்டு மாவட்டத்திலேயே மிகக் கூர்மையாகக் கவனிக்கக்கூடியவன் நான்தான். தற்பெருமையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். பொத்தேரி கல்லூரி விடுதியில் எந்த வார்டன் எந்தக் காலை இழுத்து நடப்பார் என்று நடித்துக் காட்டியே இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன். அதனால்தான், போன சனிக்கிழமை எங்கள் குடும்பம் செய்யூரிலிருந்து கடலோரச் சாலையில் சென்னைக்குக் கிளம்பியபோது, காரிலேயே போனில் இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன். சிரிப்புக் கதை என்று திட்டம்.

[திட்டம் முட்டுக்காடு வரை இருந்தது.]

2.

முதல் தொடக்கம்: "சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே இளவெயில் மெல்ல—"

வேண்டாம். வெயிலில் தொடங்குகிறவர்களை நானே நிறையக் கிண்டல் செய்திருக்கிறேன்.

இரண்டாம் தொடக்கம்: "காரில் நாங்கள் நான்கு பேர். ஓட்டுவது அப்பா சடையப்பன். பக்கத்தில் அக்கா புருஷன் ஜெகதீசன் மாமா. நடு வரிசையில் அக்கா பூங்கொடியும் நானும்."

[ஐந்து பேர். கடைசி வரிசையில், பைகளுக்கும் முறுக்கு டப்பாவுக்கும் நடுவே அம்மா விஜயகுமாரி. இந்த இரண்டாம் தொடக்கத்தை எங்கே வைத்து எழுதினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.]

3.

அம்மாவைப் பாத்திரமாக வைத்துக்கொள்வதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. இத்தனைக்கும் பயணமே அவள் கேட்டதுதான். மெட்ரோ ரயிலில் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டுமாம். ஆனால் கதையில் அவளுக்கு ஒரே வசனம். வண்டி எங்கே நின்று கிளம்பினாலும் அதேதான்:

"மாப்ள, ஏறிக்கினீங்களா? பூங்கொடி, ஏறிக்கினியா? அரசு, ஏறிக்கினியா? இன்னாங்க, நீங்க?"

மூன்றாவது கேள்வி எனக்கு. கடைசிக் கேள்வி, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு. அவரும் "ம், ஏறிக்கினேன்" என்பார். அதற்குப் பிறகுதான் கியர் விழும்.

கல்பாக்கத்தில் டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போதும் கேட்டாள்.

"இல்லம்மா, நான் டயர்ல குந்திகினு கீறேன்" என்றேன்.

"வாயப் பாரு" என்றாள்.

மாமா சிரித்தார். விடுதியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு இதையே ரயில் நிலைய அறிவிப்பாகச் செய்து காட்டுவேன். நல்ல கைதட்டல் வரும்.

4.

மாமல்லபுரம். சிற்பங்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. மிச்சம் வைக்காமல் எல்லோரும் எழுதிவிட்டார்கள். போட்டோ எடுத்தோம், கால் சுட்டது, கார் நிறுத்தத்துக்குத் திரும்பினோம். அம்மா தன் பையைப் பின்சீட்டில் போட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போனாள். சொல்லிவிட்டுத்தான் போனாளாம். யாரிடம் சொன்னாள் என்பதில் குடும்பத்தில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. என் காதில் இயர்போன் இருந்தது.

கதவுகள் சாத்தப்பட்டன. ஏசி ஓடியது. கிளம்பினோம்.

"காருக்குள் இதமான அமைதி நிலவியது."

[அப்போதே போனில் எழுதிய வாக்கியம். அடிக்கவில்லை. இருக்கட்டும்.]

5.

முட்டுக்காடு பாலம் ஏறும்போது மாமா திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார்.

"அத்த, ரெண்டு முறுக்கு குடுங்க."

கை அப்படியே நின்றது.

"தூங்கினு கீறாங்களா?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். "நைனா" என்றாள். "நைனா. நைனா."

அப்பா பாலத்தின் மேலேயே பிரேக் அடித்தார். பின்னால் ஹார்ன் கிழிந்தது.

"டேய், உங்கம்மா எங்கடா?"

"பின்னாடி..."

"பின்னாடி எங்க?"

அப்பா போன் போட்டார். கடைசி வரிசையில், பைக்குள் மணி அடித்தது. அடித்து ஓயும்வரை அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"அவ கேக்கவே இல்லியேடா" என்றார். "கேக்காம நான் எப்டி வண்டிய எடுத்தேன்?"

[இப்போது சொல்கிறேன். "நான்கு பேர்" என்ற அந்தத் தொடக்கத்தைக் கோவளம் தாண்டியபோது எழுதினேன். காரை ஒரு சுற்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். சரியாகத்தான் எண்ணியிருக்கிறேன்.]

6.

வண்டியைத் திருப்பினோம். வழியில் யார் என்ன பேசினார்கள் என்று எழுத ஒரு பத்தி ஒதுக்கி வைத்திருந்தேன்.

மாமல்லபுரத்தில், எங்கள் கார் நின்றிருந்த அதே இடத்தின் நட்டநடுவில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். முன்னால் ஒரு வெள்ளைக் கார் ஹார்ன் அடித்தது. "நவுரும்மா, வண்டி உடணும்" என்று டிரைவர் கத்தினான்.

"எங்க வண்டி வரும்" என்றாள் அம்மா. "இது எங்க எடம்."

எங்களைப் பார்த்ததும் நகர்ந்து, அப்பா காரை நிறுத்த வழிவிட்டாள். பின்னால் ஏறினாள். கதவைச் சாத்தினாள். முறுக்கு டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்பா கியரில் கை வைத்துக் காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தோம். அவள் கேட்கவில்லை.

7.

முடிவுகள்:

(அ) அம்மா சிரித்துவிடுகிறாள்.

(ஆ) "ஒரு ஆளு இல்லன்னுகூட தெரியலியா?" என்று நால்வரையும் வாங்கு வாங்கென்று வாங்குகிறாள். இதைத்தான் நாங்கள் வேண்டிக்கொண்டிருந்தோம்.

(இ) "மெட்ரோவும் வேணாம், ஒண்ணும் வேணாம். வூட்டுக்கு வுடுங்க."

மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றும் நான் எழுதியவைபோலவே இருக்கின்றன. அவள் என்ன சொன்னாள் என்பதை உங்களிடம் விடுகிறேன். என் பக்கம் நடந்தது இவ்வளவுதான்.

போனைப் பைக்குள் போட்டேன்.

"மாமா, ஏறிக்கினீங்களா?"

"ம்."

"க்கா, ஏறிக்கினியா?"

அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"நைனா, நீ?"

"ஏறிக்கினேன்டா."

நான் பின்னால் திரும்பினேன்.

"ம்மா... நீ ஏறிக்கினியா?"