மந்தம்

அந்த வீட்டில் 'மந்தம்' என்றால் மூன்று வயதுப் பையன். அகராதியில் வேறு என்ன பொருள் இருந்தாலும் யாருக்குக் கவலை? பையன் வாய் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை, கூப்பிட்டால் திரும்பியதில்லை. அத்தைக்காரி சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், கடைசியில் பெற்றவளே சொல்லப் பழகிவிட்டாள். "நம்ம மந்தம் சாப்டாச்சா?" என்று கேட்டுச் சிரிப்பதில் அப்பனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அப்பன் டிங்கர். நசுங்கிய வண்டிகளைத் தட்டி நேராக்குவது தொழில். வெளியே நின்று அவன் சுத்தியலால் அடிப்பான். வண்டிக்கு உள்ளே பெற்றவள் தகட்டுக்குப் பின்னால் இரும்புக்கட்டையை அழுத்திப் பிடிப்பாள். அந்தச் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் எடுபடாது. அதனால் எல்லாமே தட்டுதான். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் அடி.

அன்றைக்கு ஒரு பழைய வேன். பையன் பின்பக்கம், வேனின் இரும்புத் தரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

"டேய் மந்தம்! அந்தத் துணிய எடுடா!" என்று அப்பன் கத்தினான். பையன் அசையவில்லை. "எருமை மாடு கூடத் திரும்பும். இது எங்கேந்துதான் வந்து வாய்ச்சுதோ!"

அவள் தலையில் அடித்துக்கொண்டு, அடுத்த அடிக்குத் தயார் என்று கட்டையால் தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள். பையன் வெடுக்கென்று திரும்பி அவளைப் பார்த்தான்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் மறுபடி திரும்பிக்கொண்டதும் பின்னால் போய்க் கைதட்டினாள். ஒன்றுமில்லை. பெயரைச் சொல்லிக் கத்தினாள். ஒன்றுமில்லை. தரையைத் தட்டினாள். அதிர்வு உடம்பில் பட்டதும் சிரித்துக்கொண்டே தவழ்ந்து வந்தான். இவனா மந்தம்? பாவி மகனே, உனக்குக் காது கேட்கவில்லையடா!

அப்போதுதான் அந்த ராத்திரி ஞாபகம் வந்தது. கைக்குழந்தை, காய்ச்சல், விடாத அழுகை. தூக்கம் கெட்ட ஆத்திரத்தில் புருஷன் எழுந்து வந்து இரண்டு காதையும் சேர்த்து அறைந்தான். தலையணையில் ரத்தப் பொட்டு. நகம் கீறியிருக்கும் என்று துடைத்துப் போட்டாள். "பாத்தியா, ஒண்ணு வச்சா அடங்குது" என்றான். பிள்ளை ஏன் மழலை பேசவில்லை என்று அத்தைக்காரி கேட்டபோது, முதன்முதலில் அந்தச் சொல்லைச் சொன்னவனும் இவன்தான். "மந்தம்க்கா. நம்ம சித்தப்பா மாதிரி."

நம்பினாளே! வெளியே நின்ற புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இவன் மந்தம் இல்ல. காது கேக்கல. நீ அடிச்ச அடி."

கட்டிய நாளிலிருந்து 'நீங்க' தான். அந்த 'நீ'யே அவனுக்குச் செருப்படி.

"யாரப் பாத்துடி நீங்கிற?" வேனுக்குள் பாய்ந்து பையனின் முடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினான். "கேக்குதா இல்லயான்னு இப்ப காட்டறேன் பாரு." கை காதுக்கு நேராக ஓங்கியது.

அவள் யோசிக்கவில்லை. கட்டை மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு நொறுங்குவது அவள் விரல் வரைக்கும் வந்தது. முடியை விட்டுவிட்டு அலறினான். இடது கையால் சுத்தியலை எடுத்து வீசினான். அது அவள் புருவத்தைக் கிழித்துக்கொண்டு போனது. ரத்தம் கண்ணை மறைக்க, கண்மண் தெரியாமல் அடித்தாள். முழங்கால் மடங்கி அவன் விழுந்தான். மறுபடி ஓங்கினாள், குறி தவறித் தரையில் விழுந்தது. இன்னொரு தரம். அதுவும் தரையில்.

மூலையில் ஒடுங்கி அழுதுகொண்டிருந்த பையன் சட்டென்று அழுகையை நிறுத்தினான். அம்மா கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, முனகிக் கிடந்த அப்பனைத் தாண்டி, கண்ணீரோடு சிரித்தபடி வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டான். கட்டை அவள் கையிலிருந்து நழுவியது.

முந்தானையால் நெற்றியை அழுத்திக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்தபடி ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். நர்ஸ் அவள் காயத்தைப் பார்க்க வந்தாள். "எனக்கு அப்புறம். மொதல்ல இவன் காதப் பாருங்க."

நர்ஸ் அவன் முகத்துக்கு முன்னால் விரலைச் சொடுக்கிப் பார்த்தாள். "பையன் பொறந்ததிலேந்தே கொஞ்சம் மந்தமாம்மா?"

"மந்தம் இல்லம்மா. அடி. அடிச்சது இவங்கப்பன். அப்படியே எழுதுங்க."