ஊசிக்கு முறை தெரியாது

அழகரத்தினத்துக்குப் பிள்ளையில்லை என்ற கவலை அவனைவிட எங்கள் ஊருக்குத்தான் அதிகம். பழுகாமத்தில் ஒருத்திக்கு வயிறு திறக்கவில்லை என்றால் மருந்து சொல்லாத வாய் கிடையாது. அவன் மனைவி மங்கையற்கரசி அரசமரம் சுற்றினாள், அம்மன் கோயிலில் மடிப்பிச்சை எடுத்தாள், யார் யாரோ இடித்துக் கொடுத்த வேர்களையெல்லாம் விழுங்கினாள். குறை அவளிடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் அந்த ஊரில் என்ன நடந்தது? பெயர்களை மட்டும் மாற்றி எழுதுகிறேன். ஆளைத் தேடி வருகிறவர்கள் பட்டிருப்புப் பாலத்தோடு திரும்பிவிடலாம்.

தொண்ணூறாம் ஆண்டுச் சுற்றிவளைப்பில் ஆமிக்காரர்கள் ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் ஜீப்பில் இருந்தான். அவன் தலையை ஆட்டினால் ஆள் போச்சு. அழகரத்தினமும் அவனுடைய கூட்டாளி கோணாமலையும் தோள் முட்ட நின்றார்கள். தலை அழகரத்தினத்துக்கு ஆடியது. கோணாமலைக்கு ஆடவில்லை. வருடக்கணக்கில் உள்ளே கிடந்துவிட்டு அழகரத்தினம் திரும்பி வந்தபோது அவன் நடையில் ஒரு சரிவு இருந்தது. என்ன செய்தார்கள் என்று அவன் சொல்லவில்லை. கேட்டுப் பார்த்தேன், நானே தோற்றுப்போனேன்.

கோணாமலை பிற்பாடு அழகரத்தினத்தின் தங்கை கண்ணகையைக் கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்வீட்டிலேயே குடியிருந்தான். அவர்கள் வளவுக்கும் எங்கள் வளவுக்கும் நடுவில் ஒரு தென்னோலைக் கிடுகு வேலி. வேலியில் ஒரு ஓட்டை இருந்தது. அதை நான் போடவில்லை, கோழி போட்டது.

சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்த காலத்தில் அழகரத்தினமும் மங்கையற்கரசியும் கொழும்புக்குப் போய் டாக்குத்தரைப் பார்த்தார்கள். இடுப்புக்குக் கீழே எப்போதாவது அடிபட்டதா என்று அவர் கேட்க, அழகரத்தினம் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். அவனிடம் வித்து இல்லை. இன்னொரு ஆணின் வித்தை எடுத்து ஊசியால் மனைவிக்குள் வைக்கலாம், கொடுக்கிற ஆளை நாங்களே பார்ப்போம், யார் என்று சொல்லமாட்டோம் என்றார் டாக்குத்தர்.

அங்கேதான் சிக்கல்.

“கொழும்பில ஆரும் வந்து குடுப்பான்,” என்றானாம் அழகரத்தினம் மனைவியிடம். “என்னை அடிச்சவனே வந்து குடுத்திட்டுப் போயிரிந்தா?”

ஆகவே தெரிந்த ஆள் வேண்டும். கூடப்பிறந்த தம்பி என்றால் முறைக்குப் பங்கமில்லை, தம்பியும் தகப்பன் முறைதான். ஆனால் இருந்த ஒரே தம்பி இயக்கத்துக்குப் போய் மண்ணுக்குள் கிடந்தான். மிஞ்சியவன் மச்சான் கோணாமலை. மங்கையற்கரசிக்கு அவன் அண்ணன் முறை. காதைப் பொத்திக்கொள்ள வேண்டிய கதைதான். ஆளை ஆள் தொடப்போவதில்லை, ஊசிக்கு முறை தெரியாது என்று ஆண்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் முடித்துக்கொண்டார்கள். கோணாமலை மறுத்திருக்கலாம். ஆனால் அந்த மைதானத்தில் அவன் பக்கத்தில் நின்றவன் கேட்கும்போது எந்த வாயால் மறுப்பான்?

மச்சானுக்குத் துணை என்று கண்ணகையிடம் சொல்லிவிட்டு அவனும் கொழும்புக்குப் போனான். நல்ல டாக்குத்தர், கொடுக்க வருகிறவன் தெரிந்திருக்க வேண்டியதையெல்லாம் இருத்தி வைத்துச் சொல்லியிருக்கிறார். இரத்தம் சோதிக்கவேண்டும். வித்தை ஐஸில் வைத்து, மாதங்கள் போனபின் மறுபடியும் இரத்தம் பார்த்த பிறகுதான் ஊசி. பரம்பரையில் பைத்தியம், வலிப்பு, சீனி வருத்தம் இருந்தால் மறைக்கக்கூடாது. பிறக்கிற பிள்ளை அவனுடையதல்ல, ஒரு நாளும் உரிமை கொண்டாடி வந்து நிற்கக்கூடாது. ஊருக்குள் மூச்சு விடக்கூடாது. பெண்சாதிக்குச் சொல்லியாயிற்றா என்றும் கேட்டாராம். இவன் ஓம் என்று பொய் சொன்னான். எதற்கும் யோசித்துவிட்டு வா என்று அனுப்பினார். மச்சானும் மச்சாளும் கட்டுகிற ஊரா உங்கள் ஊர் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. அதை யோசிக்கவேண்டியவர்கள் இவர்கள். ஆமிக்காரனையும் வலிப்பையும் யோசித்த ஆண்களுக்கு அது நினைவில் வரவில்லை.

அவன் திரும்பிவந்த அன்று கண்ணகை முற்றத்தில் கைக்குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நான் வேலியடியில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

“டாக்குத்தர் என்னவாம்?”

“ஊசி போட்டாச் சரிவருமாம்,” என்று கோணாமலை கிணற்றடிக்குப் போனான்.

“அம்மாளே, நீ கண்ணைத் திறந்திட்டாய்!” கண்ணகை குழந்தையைத் தூக்கி ஆட்டினாள். “டேய், உனக்குப் பொஞ்சாதி வரப்போறாள்டா. மூக்கைத் துடை. கேட்டீங்களா அக்கா, எனக்கு மருமகள் வாறாள்.”

நான் சும்மா இருப்பேனா? “உன்ட மகன் கறுவல் கா. அவள் ஒத்துக்கொள்ளுவாளோ?”

“ஒத்துக்கொள்ளாம? உரிமைக்காரன் இரிக்கக்குள்ள வேற எவன் அவள்ட படலைக்குள்ள கால் வைப்பான்? அண்ணன்ட மகள் எனக்குத்தான்.”

அவள் சொன்னதில் பிழையில்லை. எங்களுக்குக் குடி தாய்வழியால் வருவது. அண்ணன் பிள்ளை ஒரு குடி, தங்கை பிள்ளை வேறு குடி, ஆகவே கட்டலாம். தொட்டிலில் கிடக்கும்போதே பேசிவைப்பார்கள், பிறகு காரணமில்லாமல் மாட்டேன் என்றால் குடும்பம் இரண்டாகும். கோணாமலையின் கையிலிருந்து வாளி கயிற்றோடு கிணற்றுக்குள் போன சத்தம் எனக்குக் கேட்டது.

மறுநாள் மத்தியானம் அவன் மனைவியிடம் வாயைத் திறந்தான். என் முருங்கையில் இன்னும் இலை இருந்தது.

“எனக்கு ஒண்ணாதெண்டு மச்சானிட்டச் செல்லப்போறன்.”

“என்ன ஒண்ணாது?”

சொன்னான். முதலிலிருந்து கடைசிவரை சொன்னான். கண்ணகை கொத்திக்கொண்டிருந்த கத்தி நின்றுவிட்டது.

“என்னட்ட ஒரு சொல்லுக் கேக்கல்ல நீங்க.”

“கேட்டா விட்டிரிப்பியா?”

“கேட்டாத்தானே எனக்கே தெரியும்.”

அவன் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். “பொட்டைப்புள்ள பிறந்தா நீ இவனுக்குப் பேசுவாய். மச்சான் மாட்டன் எண்டு செல்ல ஏலாது, நானும் செல்ல ஏலாது. ரெண்டும் ஒரு வித்து, கண்ணகை.”

“நாலு பேரிட்ட உள்ளதைச் செல்லுங்களன்.”

“சொன்னா உன்ட அண்ணன் இந்த ஊருக்குள்ள தலை நிமிந்து நடப்பானா? அவனுக்கு மிஞ்சினது அது ஒண்டுதான்.”

கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பாவம். மறுத்தால் அண்ணனுக்குப் பிள்ளையே இல்லை. கண்ணகை அன்று சோறு வடிக்கவில்லை. கஞ்சிவாசம் வராததை வைத்துத்தான் சொல்கிறேன்.

அந்தக் கிழமைதான் ஏறாவூரிலிருந்து ஸைனம்பு வந்தாள். நெசவுச் சாரனும் சீலையும் விற்கிறவள். தொண்ணூறுக்குப் பிறகு வராதிருந்து, பாதை திறந்ததும் வரத் தொடங்கியிருந்தாள். அந்த வருடம் அவர்களுடைய ஊரில் விழுந்த கொலைகளைப்பற்றி அவளும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. சீலையை விரித்தாள், பார்த்தோம். கண்ணகை தூணோடு தூணாக இருந்தாள். பேச்சுக்கு ஆள் இல்லாததால் நான்தான் ஸைனம்புவின் மகன் கதையை எடுத்தேன்.

“சாலிஹுக்குப் பொம்பிளை பாத்தாச்சா?”

“எங்க புள்ள! தம்பிட மகள் றபீக்காவைத்தான் எல்லாரும் செல்ற. எடுக்க ஏலா. அவள் பிறந்த நேரம் தாய்க்குச் சுகமில்ல, நான்தான் பால் குடுத்து வளத்த. எங்கடாக்களுக்கு ஒரு மார்ல பால் குடிச்சாக் கூடப்பிறந்த மாதிரி. கட்டினா ஹறாம்.”

“ஆரும் கேக்கிறல்லையா, ஏன் கட்டல்லையெண்டு?” கண்ணகையின் குரல்.

“என்னத்தைக் கேக்கிற? பால் குடிச்சது ஊருக்கே தெரியுமே.”

அன்றைக்குக் கண்ணகை ஒரு சீலையும் வாங்கவில்லை. ஆனால் பொழுது சாயமுதல் அடுப்பு எரிந்தது.

“போய்க் குடுங்க,” என்றாள் கோணாமலையிடம். “அண்ணனுக்கும் அவளுக்கும் ஒண்டு செல்லி வைங்க. புள்ள எதுவாயும் பிறக்கட்டும், நான் பால் குடுப்பன். சனத்துக்கு முன்னால குடுப்பன். மறுகா ஆரும் கலியாணக்கதை எடுக்க ஒண்ணாது.”

“அது சோனக ஆக்கள்ட முறையெலுவா?”

“ஊசி ஆர்ட முறை?”

அவன் அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினான்.

“சனம் கேக்குமே புள்ள, ஏனெண்டு.”

“என்னைத்தானே கேக்கும்.”

அதற்குப் பிறகு கண்ணகை மகனைப் பால் மறக்க விடவில்லை. அவன் நடந்தான், ஓடினான், என் கோழிக்குக் கல்லெறிந்தான், ஓடிவந்து தாயின் மடியில் விழுந்து குடித்தான். வேப்பெண்ணெய் பூசு கா என்று வேண்டுமென்றே சொல்லிப்பார்த்தேன். “கிடக்கட்டும் அக்கா,” என்றாள்.

கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு அடுத்த வருடம் மங்கையற்கரசிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. அந்த வருடம் நாங்கள் போனதெல்லாம் இழவுவீடு. பிறந்த வீடு ஒன்று கிடைத்ததே என்று முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு ஊர் திரண்டு வந்தது. மங்கையற்கரசியின் தாய் இரத்தினம்மா வெற்றிலைத் தட்டோடு ஓடித்திரிந்தாள். வந்தவர்கள் கண்ணகையின் மகனைப் பிடித்து மாப்பிள்ளை என்று கிள்ளினார்கள்.

கண்ணகை போய் மங்கையற்கரசியின் கையிலிருந்து பிள்ளையை வாங்கினாள். நடுப்பாயில் இருந்தாள். சட்டையைத் தளர்த்திப் பிள்ளையை அணைத்தாள்.

“என்னகா செய்றாய்?” இரத்தினம்மாவின் தட்டு சரிந்தது. “தாயிட்டப் பால் இல்லையா?”

“இரிக்கு மாமி. நானும் குடுக்கிறன். இவள் இனி என்ட மகனுக்குத் தங்கச்சி. ஆரும் வேற கதை கதைக்க வேணாம்.”

“எந்த ஊர் முறை இது? என்ட பேத்தியில என்ன குறை கண்டாய்?”

“குறையொண்டுமில்ல. எனக்கு மருமகள் வேணாம்.”

“உள்ளுக்கு இரிந்து வந்தவன்ட புள்ள எண்டா? கூடப்பிறந்தவன் உனக்கு இளக்காரமாப் போயித்தானா?”

கண்ணகை பிள்ளையின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மங்கையற்கரசி சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு சுவரோடு நின்றாள். பந்தல் காலடியில் ஆண்கள் இரண்டு பேரும் நிலத்தைப் பார்த்தபடி நின்றார்கள். ஒரு சொல் போதும், பழி அவளைவிட்டு இறங்கிவிடும். அந்தச் சொல் அழகரத்தினத்தைக் கொன்றுபோடும்.

என் பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்தாள். “வேலிக்கு அங்கால இரிக்கிறாய், உனக்குத் தெரியாததா? என்ன சங்கதி?”

“எனக்கென்னகா தெரியும்,” என்றேன். அவள் நம்பவில்லை. என்னை அறிந்த எவர் நம்புவார்? உடனே அவளாகவே ஒரு கதை கட்டினாள், கண்ணகையின் மகனுக்கு வேறு பணக்காரச் சம்பந்தம் தட்டுப்பட்டிருக்கிறதென்று. பந்தலைத் தாண்டமுதல் அது ஊர்க்கதையாகிவிட்டது.

பிள்ளை குடித்து முடித்தது. கண்ணகை எழுந்தாள். இரத்தினம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ள, பெண்கள் கால்களை ஒடுக்கி வழிவிட்டார்கள். நேரே ஆண்கள் நின்ற பக்கம் போனாள். முன்னால் நின்றவன் கோணாமலை. அவனுடைய கைகள் தாமாகவே எழுந்தன.

அவள் அந்தக் கைகளைக் கடந்துபோய்ப் பிள்ளையை அண்ணனிடம் கொடுத்தாள். அழகரத்தினம் வாங்கத் தெரியாமல் வாங்கினான். பிள்ளையின் வாயோரம் பால் வழிந்திருந்தது. தன் வேட்டித் தலைப்பால் மெல்லத் துடைத்தான்.