யாரும் தேடாத தலைமறைவு

அக்காவின் தம்பி தலைமறைவானபோது அவன் தலையில் முடி இருந்தது. இப்போது இல்லை. இத்தனை வருஷமாக அவன் அவளுடைய சலவைக் கடைக்கு மேலே உள்ள அறையில் ஒளிந்திருந்தான். யாரோ துவைக்கக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிப்போகாத கம்பளிக் கோட்டை ஜன்னலுக்குக் குறுக்கே ஆணியடித்துத் தொங்கவிட்டு, அந்த இருட்டில் அரசாங்கத்தைக் கவிழ்ப்பது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

அவளைத் தெருவில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிட மூத்தவர்கள் உட்பட. கடையில் இரண்டு துவைக்கும் மெஷின், ஒரு நீராவி இஸ்திரி, சுவர் முழுக்க நம்பர் துண்டு குத்திய துணிகள். எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்திதான்.

தம்பி ஒரு புரட்சிக் கட்சியில் இருந்தான். ஒரு காலத்தில் அதில் நிறையப் பேர் இருந்தார்கள். எந்த நாட்டுப் புரட்சியைப் பார்த்து நடப்பது என்று தகராறு வந்தது. மலையில் விவசாயிகளைத் திரட்டி நகரத்தைச் சுற்றி வளைக்கவேண்டும் என்றார்கள் சிலர். முதலில் தொழிற்சாலை நிற்கவேண்டும் என்றார்கள் சிலர். நாலு பேர் துப்பாக்கியோடு முன்னால் போனால் மக்கள் தானாகப் பின்னால் வருவார்கள் என்றது ஒரு கோஷ்டி. கட்சி உடைந்தது, உடைந்தது மறுபடி உடைந்தது. ஒவ்வொரு முறையும் தம்பி சின்னத் துண்டின் பக்கமே நின்றான். கடைசியில் அவன் மட்டும் ஒரு கட்சியாக மிஞ்சினான். ஒற்றை ஆள் கட்சியில் கருத்து வேறுபாடு வராது என்று அக்கா நிம்மதியாக இருந்தாள். அதுவும் வந்தது. போன குளிர்காலத்தில் அவன் தன்னைத்தானே கட்சியிலிருந்து ஒரு மாதம் இடைநீக்கம் செய்துகொண்டான்.

அவன் செய்த குற்றம் ஒரு சுவரொட்டி. மக்களே எழுங்கள் என்று எழுதி நகரசபைச் சுவரில் ஒட்டினான். அன்று மாலையே மழை பெய்து அது கழன்று சாக்கடையில் போய்விட்டது. மறுநாள் காலை அவன் பையோடு அக்காவின் கடை வாசலில் நின்றான். "என்னைத் தேடுவாங்க" என்றான். அவள் படியைக் காட்டினாள். பெற்றவர்கள் போன பிறகு அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அன்றிலிருந்து அவள் பிழைப்பு பயத்திலேயே போனது. இரண்டு பேருக்குச் சாமான் வாங்குவது தெரியாமலிருக்க இரண்டு கடையில் வாங்கினாள். அவன் நடக்கும்போது ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். பக்கத்துத் தெரு பெயிண்டர் ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். நல்ல மனிதர், சட்டைக் காலரில் சுண்ணாம்பு இல்லாமல் வரமாட்டார். மாடியைப் பற்றி அவருக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து, அவள் வேண்டாம் என்றுவிட்டாள். அன்று மேலே தம்பி குடும்ப அமைப்பு எப்படி ஒழியும் என்பதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தான்.

இதில் பெரிய கொடுமை, போலீஸ் இன்ஸ்பெக்டரின் சீருடை அவளிடம்தான் இஸ்திரிக்கு வரும். அவர் வந்து நிற்கும் நேரம் முழுக்கத் தம்பி மேலே மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பான்.

ஒரு நாள் அவர் நிற்கும்போது மேலே புத்தக அலமாரி சரிந்தது. சத்தத்தில் கூரைத் தூசி அவர் தொப்பிமேல் விழுந்தது.

"மேல யாருக்கா?"

அக்கா அவர் கால்சட்டையின் மடிப்பை நேர்பண்ணிக்கொண்டிருந்தாள். ரொம்பக் களைத்திருந்தாள். பொய் எதுவும் கைக்கு வரவில்லை.

"என் தம்பி. தலைமறைவா இருக்கான்."

"யார்கிட்ட இருந்து?"

"உங்ககிட்ட இருந்துதான்."

இன்ஸ்பெக்டர் தொப்பியின் தூசியைத் தட்டிக்கொண்டார். விசாரித்துச் சொல்வதாகப் போனார். மறுநாள் வந்தபோது அவர் முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவரின் தயக்கம் இருந்தது.

"எல்லாம் பாத்துட்டேங்கா. உங்க தம்பிய நாங்க தேடல. எப்பவுமே தேடல போலிருக்கு."

அக்கா மேலே போய்ச் சொன்னாள். தம்பி முதலில் அது எதிரியின் தந்திரம் என்றான். பிறகு முகம் கழுவிக்கொண்டு, வாங்கிப்போகாத துணிகளிலிருந்து நல்லதாக ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு, சரணடையப் போனான். சாயங்காலத்துக்குள் திரும்பி வந்துவிட்டான்.

"என்னடா சொன்னாங்க?"

"உக்கார வெச்சாங்க. டீ குடுத்தாங்க. என்மேல யாராவது புகார் குடுத்தாத்தான் எடுத்துக்க முடியுமாம்." அவன் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "அக்கா, நீ ஒரு புகார் குடேன்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. சின்ன வயதில் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை என்று அழுதுகொண்டு வருவானே, அதே முகம். கடையைப் பூட்டிவிட்டுப் போய்ப் புகார் கொடுத்தாள். தன் தம்பி அரசாங்கத்தைக் கவிழ்க்கப் பார்க்கிறான் என்றாள். ஆரம்பித்துவிட்டாரா என்று கேட்டார்கள். இன்னும் கோட்பாட்டு அளவில்தான் இருக்கிறது என்றாள். ஆரம்பித்ததும் வந்து சொல்லச் சொன்னார்கள்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் கொஞ்ச நாளில் இன்ஸ்பெக்டரே துணிப்பை இல்லாமல், கையைப் பிசைந்துகொண்டு வந்தார். மேலிடத்து உத்தரவு. கண்காணிக்கவேண்டிய புரட்சிக்காரர் ஒருவராவது இல்லாத காவல் நிலையத்தை மூடிவிடுவார்களாம்.

"எங்க எல்லைக்குள்ள ஒருத்தருமே இல்லக்கா. உங்க தம்பி கொஞ்சம் மறுபடி ஒளிஞ்சுக்க முடியுமா?"

படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தம்பி தானே இறங்கி வந்தான். மிக ஆபத்தானவர் என்று போடவேண்டும் என்றான். இன்ஸ்பெக்டர் நடுத்தர ஆபத்து என்றார். மிக ஆபத்தானவர் என்றால் தலைநகரிலிருந்து ஆள் வந்துவிடும், பிறகு அவர்களுக்கு யார் சாப்பாடு போடுவது என்றார். கடைசியில் 'ஆபத்து வளர்ந்துவருகிறது' என்பதில் இருவரும் சமாதானமானார்கள். தம்பி தலை நிமிர்ந்து மேலே ஏறிப் போய்த் தலைமறைவானான்.

அவனைக் கண்காணிக்க ஒரு கான்ஸ்டபிளைப் போட்டார்கள். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். அவர் கொட்டாவி விட்டால் எதிரே நிற்பவனுக்கும் வரும், அதனால் அவர் பெயரே கொட்டாவி. முதலில் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பிறகு படியில். பிறகு, நெருங்கிக் கண்காணிப்பது நல்லது என்று அறைக்குள்ளேயே போய்விட்டார். தம்பிக்கு இத்தனை வருஷத்தில் முதல் முறையாகக் கேட்க ஒரு காது கிடைத்தது. காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும்வரை நிறுத்தமாட்டான். மாதம் திரும்புவதற்குள் கொட்டாவிக்குக் கொட்டாவி வருவது நின்றுபோனது. வாழ்நாள் முழுக்க யாருக்காகச் சல்யூட் அடித்தோம் என்று தெரிந்துவிட்டதாகச் சொல்லிச் சீருடையைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டு, அவரும் தலைமறைவானார்.

இன்ஸ்பெக்டர் வந்து, "எங்க ஆளு எங்கக்கா?" என்று கேட்டபோது அவள் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

இரண்டு பேர் ஆனதும் கட்சி உடைந்தது. கொட்டாவி தொழிற்சாலைப் பக்கம், தம்பி மலைப் பக்கம். அந்த ஊரில் இரண்டுமே கிடையாது. அறையின் நடுவே சாக்பீஸால் கோடு போட்டார்கள். அக்கா ஒரே கெட்டிலில் டீ கொண்டுபோனால் இருவரும் குடிக்க மறுத்தார்கள். ஒரே கெட்டிலில் குடிப்பது ஐக்கிய முன்னணி ஆகிவிடும், அதைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை என்றான் தம்பி. அவள் தனித்தனியாகப் போட்டாள். தனித்தனித் தட்டு கழுவினாள். இருவரின் துணியையும் கலக்காமல் துவைத்தாள்.

ஒரு காலை, இரண்டாவது டீயோடு பாதிப் படி ஏறியவள் அங்கேயே நின்றாள். முழங்கால் வலித்தது. அந்த டீயைத் தானே குடித்தாள். கீழே இறங்கி இஸ்திரியை அணைத்தாள். ஷட்டரை இறக்கிவிட்டு வாசலில் கொட்டாவியின் பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மேலேயிருந்து தம்பி கேட்டான். "என்னக்கா, கரண்ட் இல்லையா?"

"வேலைநிறுத்தம்."

"யாருக்கு எதிரா?"

"உங்க ரெண்டு பேருக்கும்."

கொஞ்ச நேரம் மேலே குசுகுசுவென்று பேச்சு. பிறகு தம்பி பொறுமையாக விளக்கினான். "உனக்குச் சொந்தமா மெஷின் இருக்கு. அதனால நீ குட்டி முதலாளி. நீ வேலைநிறுத்தம் பண்ண முடியாது. வேணும்னா கதவடைப்பு பண்ணலாம்."

"சூழ்நிலை இன்னும் பழுக்கலையே அக்கா" என்றார் கொட்டாவி.

"பழுக்கட்டும். அதுவரைக்கும் டீ கிடையாது."

முதல் இரண்டு நாள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஊர் கசங்க ஆரம்பித்தது. இன்ஸ்பெக்டர் தூங்கி எழுந்தவர்போல வேலைக்குப் போனார். அவரைப் பார்த்துத் திருடர்கள் சிரித்தார்கள். நீதிபதி சுருங்கிய அங்கியோடு தீர்ப்புச் சொல்லக் கூச்சப்பட்டு வழக்குகளைத் தள்ளிவைத்தார். நகரசபைத் தலைவர் இஸ்திரி இல்லாத சட்டையில் கூட்டம் நடத்தமாட்டேன் என்றார். ஆபீஸ்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின.

தம்பி ஜன்னலில் தொங்கிய கம்பளிக் கோட்டைப் பிடுங்கிவிட்டு எட்டிப் பார்த்தான். வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தெருவை ரொம்ப நேரம் பார்த்தான்.

"அக்கா, நிர்வாகமே நின்னுபோச்சு" என்றான். குரலில் பிரமிப்பு பாதி, பொறாமை பாதி. "தலைமை யாரு? வழிமுறை என்ன?"

"ஒண்ணுமில்லடா. இஸ்திரி போடல, அவ்வளவுதான்."

அவன் கோட்டை மறுபடி ஜன்னலில் மாட்டாமல் மடித்துவைத்தான்.

அன்று மத்தியானம் இரு கோஷ்டியும் வரலாற்றில் முதல் முறையாக ஒரே படியில் இறங்கி வந்தன. பசி. இன்ஸ்பெக்டர் நடுவராக ஓரமாக நின்றார். எதிரே தன் கான்ஸ்டபிள் வேட்டைக்குத் தப்பிய முயல்போல நிற்பதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். அவருக்குச் சீருடை முக்கியம்.

அக்கா பேசினாள். அவரவர் தட்டை அவரவர் கழுவவேண்டும். கடை வேலையை மூன்று பேரும் முறைபோட்டுச் செய்யவேண்டும். வாரத்தில் ஒரு நாள் அவள் கடைப் பக்கமே வரமாட்டாள். டீ ஒரே கெட்டிலில்தான்.

கெட்டில் விஷயத்தில் தம்பி கால அவகாசம் கேட்டான். அக்கா ஷட்டரைப் பார்த்தாள். அவன் ஒத்துக்கொண்டான்.

விடுமுறை நாள் வந்தது. தம்பி மேசைக்குப் பின்னால் நின்று, வந்தவர்களையெல்லாம் தோழர் என்று கூப்பிட்டு அழுக்குத் துணி வாங்கினான். கொட்டாவி இஸ்திரியில் நின்றார், மடிப்பு ரெட்டைக் கோடாக விழுந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். எங்கே போவதென்று தெரியவில்லை. வந்து நின்ற முதல் பஸ்ஸில் ஏறினாள்.

"எங்க போகணும்?" என்றார் கண்டக்டர்.

"கடைசி ஸ்டாப்."

"அங்க ஒண்ணும் இல்லையேக்கா. வெறும் பொட்டல்."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லி, ஜன்னலோரம் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டாள்.