நல்லகாமன் ஆசை நிறைவேற்றக் கமிட்டி

மதுரை மாநகரின் நெடிய வரலாற்றில், 1982ஆம் ஆண்டு ஆவணி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு, காளவாசலுக்குத் தெற்கே மூன்றாவது தெருவில், ஒரு மனிதர் சாவதற்காக முதன்முதலில் ஒரு கமிட்டி அமைக்கப்பட்டது. அதற்கு முன்பும் இந்த ஊரில் ஆட்கள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் தலைவர் இல்லாமல், செயலாளர் இல்லாமல், உபதலைவர்கள் இருவர் இல்லாமல், ஏதோ அவரவருக்குத் தெரிந்த அளவில் செத்தார்கள். அந்தக் குறை அன்றோடு தீர்ந்தது. கூட்ட முடிவில் டீயும் பக்கோடாவும் வழங்கப்பட்டன.

சாகவேண்டிய பொறுப்பு நல்லகாமனுடையது. வயது ஐம்பத்தெட்டு. காளவாசலில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். வயிற்றில் புற்று. பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு நல்லகாமனின் மனைவி முத்துத்தாயைப் பார்த்தார். "வீட்டுல வச்சு நல்லாப் பாத்துக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்தைத் தூக்கினார். பிள்ளைகள் கிடையாது. பார்த்துக்கொள்ள முத்துத்தாய் ஒருத்திதான். இதைக் கேள்விப்பட்டுத்தான் தெரு திரண்டது.

தலைவர் மலையாண்டி, ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் கையெழுத்துப் போட்ட கை, ஓய்வுக்குப் பிறகு போட இடமில்லாமல் நமைச்சல் எடுத்துக் கிடந்தது. செயலாளர் சுருளி அச்சாபீஸ்காரர். ஆகவே நோயாளிக்கு இரண்டாவது தலையணை வருவதற்கு முன்பே கமிட்டிக்கு லெட்டர் பேடு வந்துவிட்டது. உபதலைவர் ஏன் இருவர் என்றால், ஒருவரை மட்டும் போட்டால் மற்றவர் கோபித்துக்கொண்டு அடுத்த தெருவில் வேறு நோயாளியைப் பிடித்துவிடுவார். இவர்கள் போக உறுப்பினர்கள் மூன்று பேர். மூன்றாமவன் மருது. வெங்காயப் பேட்டையில் மூட்டை தூக்குகிறவன். கூட்டத்துக்குப் பெஞ்சு தூக்கிக்கொண்டு வந்தான். வந்தவன் பெயரையும் எழுதிக்கொண்டார்கள்.

கமிட்டியின் சேவை மறுநாளே தொடங்கியது. காலையில் மருது நீங்கலாக ஆறு பேர் வந்து ஆறுதல் சொன்னார்கள். சாயங்காலம் அதே ஆறு பேர் வந்து, காலையில் சொன்னது போதாது என்று மறுபடியும் சொன்னார்கள். "ஒண்ணுமில்ல மாப்ள, வாயுத் தொல்லைதான். சித்திரைத் திருவிழாவுக்கு நீதான் முன்னாடி நடக்கப்போற" என்பார் மலையாண்டி. முத்துத்தாய் ஆறு பேருக்கும் காபி போட்டாள். டம்ளர் கழுவினாள். ராத்திரியெல்லாம் புருஷனோடு விழித்திருந்து, பகலெல்லாம் கமிட்டியோடு விழித்திருந்தாள். பத்து நாளில் அவள் கண் இரண்டும் கோவைப்பழமாகிவிட்டது. அடுப்படிச் சுவரில் சாய்ந்தபடி நின்றுகொண்டே தூங்கி, பாலைப் பொங்கவிட்டாள்.

"ரெண்டாவது காபி கொஞ்சம் தீஞ்ச வாடை அடிக்குதேம்மா" என்றார் உபதலைவரில் ஒருவர்.

உண்மையான வேலையை வேறு இரண்டு பேர் பார்த்தார்கள். எதிர்வீட்டுச் செல்லக்கிளி, ஒரு ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் ஆயாவாக இருந்து முடித்தவள். அவளைக் கமிட்டியில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. பொம்பளையாள், அதிலும் ஆயா. அவள் பாட்டுக்கு வந்து, நல்லகாமனின் வாயைப் பஞ்சால் துடைத்துவிட்டாள். படுக்கைப் புண் வராமலிருக்க அவர் கடையிலிருந்தே ஒரு ஸ்கூட்டர் ட்யூபை எடுத்துவரச் சொல்லி, பழைய வேட்டியைச் சுற்றி இடுப்புக்குக் கீழே கொடுத்தாள். காற்று எவ்வளவு என்பதை மட்டும் நல்லகாமன் சொன்னார்.

"கட்டைவிரலை வச்சு அமுக்குனா ஒரு நெல்லுக்கு எறங்கணும். ரொம்ப அடிச்சிராத செல்லக்கிளி, வெடிச்சா வாயுத் தொல்லைன்னு கமிட்டி சொல்லும்."

டாக்டர் எழுதிய வலி மருந்தைச் செல்லக்கிளி வலிக்காகக் காத்திருந்து கொடுக்கவில்லை. பஞ்சாலைச் சங்கு ஊதினால் மருந்து. "வலி வந்து கதவைத் தட்டுன பெறகு தாழ்ப்பாளைத் தேடக்கூடாது" என்பாள்.

மருது மூன்று மணிக்குப் பேட்டை வேலை முடிந்து, உடம்பெல்லாம் வெங்காய வாசனையோடு வருவான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, நல்லகாமனைப் புரட்டிப் படுக்கவைப்பான். மற்றவர்கள் புரட்டினால் கத்துகிற மனிதர், மருது கை பட்டால் முனகக்கூட மாட்டார்.

"எப்பிட்றா மாப்ள?"

"மூட்டைய இழுத்தாத்தான் மாமா கிழியும். அடியில கையக் குடுத்து, நம்ம நெஞ்சோட சேத்துட்டா, அதுவா வரும்."

இப்படியிருக்க, பன்னிரண்டாம் நாள் கமிட்டி அவசரமாகக் கூடியது. இத்தனை நாளாகியும் காரியம் எதுவும் நடக்காதது தலைவருக்குக் கவலையாக இருந்தது. உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால் ஏதோ ஓர் ஆசை அதைப் பிடித்துவைத்திருக்கிறது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மண்ணாசை என்றால், சொந்த நிலத்து மண்ணைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். நல்லகாமனுக்குக் கப்பலூரில் ஒன்றரை ஏக்கர் இருந்தது; தொழிற்பேட்டைக்காக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'நோயாளியின் ஆசையைக் கண்டறிந்து நிறைவேற்றுவது' என்று தீர்மானம் போட்டு, மலையாண்டி கையெழுத்திட்டார். கை நமைச்சல் கொஞ்சம் அடங்கியது.

ஆறு பேரும் கப்பலூர் போய், வாட்ச்மேனிடம் லெட்டர் பேடைக் காட்டி, ஒரு பட்டறைக்குப் பின்னாலிருந்து பித்தளைச் சொம்பு நிறைய மண் கொண்டுவந்தார்கள். தண்ணீரில் கரைத்ததும் மேலே எண்ணெய் மிதந்தது. அடியில் இரும்புச் சுருள்கள் மினுங்கின.

செல்லக்கிளி சொம்பை மறித்தாள். "வாயெல்லாம் புண்ணு. ஒரு சொட்டு உள்ள போகக்கூடாது."

"இது சம்பிரதாயம்மா" என்றார் மலையாண்டி. "இதுல ஆயா தலையிட முடியாது."

நல்லகாமன் கண்ணைத் திறந்தார். சொம்பை எட்டிப் பார்த்தார்.

"நான் இருந்தப்ப அங்க கம்பு வெளஞ்சுச்சு. இப்ப போல்ட்டு நட்டா வெளையுது?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இது வடக்கு மூலை மண்ணுல்ல தலைவரே? எனக்கு ஆசை தெக்கு மூலை மேலதான்."

தலைவரின் முகம் மலர்ந்தது. ஆசை ஒன்று இருப்பது அதிகாரபூர்வமாக ஊர்ஜிதமாகிவிட்டது. ஆறு பேரும் மறுபடி கப்பலூர் பஸ் ஏறினார்கள்.

வீடு அமைதியானது. எவ்வளவு அமைதி என்றால், தெருக்குழாயில் சொட்டுகிற தண்ணீர் கேட்டது. செல்லக்கிளி முத்துத்தாயின் கையிலிருந்த காபி வடிகட்டியைப் பிடுங்கி வைத்தாள். "அவரை நான் பாத்துக்கிறேன். படுடி." முத்துத்தாய் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்தாள். தலை பாயைத் தொடுவதற்குள் தூங்கிப்போனாள். சற்று நேரத்தில் அவளுடைய குறட்டை கிளம்பியது. லேசுப்பட்ட குறட்டை அல்ல. ஏற்றத்தில் லாரி போவதுபோல் ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, பிறகு விசில் அடித்துக்கொண்டு இறங்குவது.

நல்லகாமன் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முப்பத்தோரு வருசம் இந்தக் கொறட்டைய வஞ்சு தீத்திருக்கேன் செல்லக்கிளி" என்றார் மெதுவாக. "கட்டிலத் தூக்கிட்டுப் போயி வாசல்ல படுத்திருக்கேன். பன்னண்டு நாளா இது இல்லாம வீடு வீடாவே இல்ல."

"எழுப்பி விடவா?"

"எழுப்புன, ட்யூபப் புடுங்கிருவேன்." பிறகு, கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "எனக்கு என்ன நோவுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறாகளா? வாயுன்னா எதுக்கு ரெண்டு உபதலைவரு?"

செல்லக்கிளி பஞ்சை நனைத்து அவர் உதட்டைத் துடைத்தாள். இல்லை என்று பொய் சொல்லவில்லை.

"இன்னும் எம்புட்டு நாளு?"

"நிறைய இல்லண்ணே. வலி இல்லாம நான் பாத்துக்கிறேன்."

"அப்பச் சரி. நீ வலியப் பாரு. நான் கமிட்டியப் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டார். தெற்கு மூலை மண் வந்ததும் முகர்ந்து பார்த்து, மண்ணாசை தீர்ந்துவிட்டதாக அறிவித்தார்; அடுத்து, கோரிப்பாளையம் தர்காவில் ஓதிய சர்க்கரை மேல் ஆசை வந்துவிட்டதாகவும் அறிவித்தார். அதுவும் வியாழக்கிழமை வாங்கினதாக இருக்கவேண்டும், மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பி நடந்தே போகவேண்டும். ஆறு பேரும் ஆற்றுப்பாலத்தைக் கடந்து நடந்தார்கள். அங்கே இருந்த பெரியவர் கையேந்தி துஆ செய்து சர்க்கரைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, "ஒருத்தருக்கு மவுத்து நெருக்கம்னு சொல்றீங்க, ஆறு பேரும் இங்க நிக்கிறீங்களே தம்பி? அங்க யாரு இருக்கா?" என்று கேட்டார். தர்காவிலேயே கமிட்டியைப் பற்றி விசாரித்தார்கள் என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்பட்டது.

வெள்ளிக்கிழமை திருப்பரங்குன்றத்து விபூதி. சனிக்கிழமை, நல்லகாமன் சின்ன வயதில் படித்த பள்ளிக்கூடத்து வேப்பங்கொழுந்து. கமிட்டிக்கு இத்தனை மகிழ்ச்சியான வாரம் வாய்த்ததே இல்லை. தினமும் பயணம், தினமும் தீர்மானம், தினமும் கையெழுத்து. வீட்டிலோ, தினமும் மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்துவரை லாரி ஏற்றம் ஏறி இறங்கியது. முத்துத்தாயின் கண்ணில் சிவப்பு வெளுத்தது. ராத்திரியில் அவர் பேசினால் தூங்கிவழியாமல் பதில் சொன்னாள். பழைய சண்டை ஒன்றைக்கூடப் புதுப்பித்துப் போட்டார்கள்.

"இம்புட்டு ஆசைய எங்க ஒளிச்சு வச்சிருந்தீக?" என்றாள் ஒரு நாள். "என்னையக் கட்டுனதுலேருந்து ஒரு சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போக ஆசை வரல."

"வந்துச்சு. நீ தியேட்டர்ல தூங்குவியேன்னு விட்டுட்டேன்."

திங்கட்கிழமை காலை, நல்லகாமன் தலைவரைப் பக்கத்தில் அழைத்தார். குரல் தேய்ந்து காற்றாகியிருந்தது.

"கடைசி ஆசை தலைவரே. உசிலம்பட்டிக்கு அங்குட்டு எங்காத்தா ஊரு. அந்த ஊருக் கெணத்துத் தண்ணி வேணும். ஆறு கொடம். ஆளுக்கொரு கொடம். ஒருத்தரு கொறஞ்சாலும் பலிக்காது."

மலையாண்டியின் கண் கலங்கியது. வேனுக்கு முன்னால் பேனர் கட்டிக்கொண்டு கமிட்டி புறப்பட்டது. மருதுவுக்கு யாரும் சொல்லவில்லை. அவனுக்கு எப்போதுமே யாரும் எதுவும் சொன்னதில்லை.

இரண்டு மணிக்கு முத்துத்தாய் பாயை விரித்தாள். மூன்று மணிக்கு மருது வந்து கையைக் கழுவினான். நல்லகாமனை நெஞ்சோடு சேர்த்து, பாயைப் பார்த்த பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தான். சங்கு ஊதியது; செல்லக்கிளி மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். மூச்சு மாறியிருப்பதை அப்போதுதான் கவனித்தாள். இருபத்தாறு வருஷம் கேட்ட மூச்சு. மருதுவைப் பார்த்தாள். அவனுக்கும் புரிந்தது. பாரம் எப்போது கையைவிட்டு இறங்கும் என்று அவனுக்குத் தெரியாதா?

செல்லக்கிளி குனிந்து, "அவளை எழுப்பட்டுமாண்ணே?" என்றாள்.

நல்லகாமனின் விரல் போர்வைமேல் லேசாக அசைந்தது. வேண்டாம்.

லாரி ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்தது. உச்சியில் நின்றது. விசில் அடித்துக்கொண்டு இறங்கியது. அவருடைய உதட்டோரம் அதே பழைய எரிச்சலோடு சுளித்தது, அல்லது சிரித்தது. மூன்றாவது ஏற்றமா நான்காவதா என்று செல்லக்கிளிக்குச் சரியாக நினைவில்லை. அந்தக் குறட்டையைக் கேட்க ஆள் இல்லாமல் போயிருந்தது. அவள் அவருடைய கண்ணை மூடிவிட்டு, முத்துத்தாயை இன்னும் அரைமணி நேரம் தூங்கவிட்டாள். மருது கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

கமிட்டி ஆறரை மணிக்கு வந்து சேர்ந்தது. வழியில் டயர் பஞ்சர். குடங்கள் பாதி தளும்பிக் கொட்டி, எல்லாருடைய வேட்டியும் நனைந்திருந்தது. மிஞ்சிய தண்ணீர் வீணாகவில்லை. நல்லகாமனை அதில்தான் குளிப்பாட்டினார்கள். தூக்கி உட்காரவைத்தது மருது. அப்போதும் அவன் இழுக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று, சாப்பாட்டுக்கு முன் கமிட்டியின் அறிக்கை வாசிக்கப்பட்டது. நான்கு பக்கம். சுருளி நல்ல தாளில் அச்சடித்திருந்தார். மலையாண்டி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கடைசிப் பத்திக்கு வந்ததும் குரலை உயர்த்தினார்.

"அன்னாரின் இறுதி மூச்சு வரையில், எமது கமிட்டியின் தலைவர், செயலாளர், உபதலைவர்கள் மற்றும் உறுப்பினர்கள் அவரது கட்டிலைச் சூழ்ந்து நின்று, ஆசை ஒன்றும் பாக்கி இல்லாமல் வழியனுப்பி வைத்ததையும், அன்னாரின் துணைவியார் கண்ணிமைக்காது காத்திருந்து கரம் பற்றியிருந்ததையும், இத்தெரு உள்ளவரை மறக்க இயலாது!"

உபதலைவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் கை தட்டினார்கள். பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த மருதுவும், அவன் பின்னால் தண்ணீர் தெளித்துவந்த செல்லக்கிளியும் நிமிர்ந்து பார்த்தார்கள். தலைவர் முத்துத்தாயின் பக்கம் திரும்பி, கமிட்டியின் சேவை குறித்து ரெண்டு வார்த்தை சொல்லும்படி பெருந்தன்மையோடு கேட்டுக்கொண்டார்.

முத்துத்தாய் எழுந்து நின்றாள்.

"நீங்க வேன்ல இருந்தீகண்ணே. நான் தூங்கிக்கிட்டு இருந்தேன்."